ஜிப் தெரிந்தால் என்ன? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1953இல் வந்த ‘இன்வேடர்ஸ் ஃப்ரம் மார்ஸ்’ படத்தைச் சின்ன வயதில் விஎச்எஸ் டேப்பில் பார்த்துத் தூக்கம் தொலைத்தவன் நான். இப்போது புதுப்பித்து வந்திருக்கும் 4கே டிஸ்க்கைப் போட்டால் செவ்வாய்வாசிகளின் முதுகில் ஜிப் பளிச்சென்று தெரிகிறது. சுரங்கச் சுவரெல்லாம் ஏதோ பலூன். பயமும் போயிற்று, படமும் போயிற்று. இந்த மாதிரிப் படங்களைத் தேய்ந்த டேப்பிலேயே விட்டிருக்கலாமே?

ர.

அன்புள்ள ர.,

ஜிப் தெரிகிறது, உண்மைதான். சுவரில் இருக்கும் கொப்புளங்கள் ஊதிக் கட்டிய ஆணுறைகள் என்பதும் இந்தப் படத்தின் ரசிகர்களுக்கு ரொம்ப நாளாகவே தெரிந்த சேதி. பச்சை உடுப்புக்காரர்கள் சுரங்கத்துக்குள் ஓடுகிற அதே துண்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள், டாங்கிகள் வேறெதற்கோ எடுத்த படச்சுருளிலிருந்து வந்தவை. கையில் காசு இல்லாமல் எடுத்த படம்.

ஆனால் அன்றைக்கு உங்களைத் தூங்கவிடாமல் செய்தது அந்தப் பச்சை ஆட்களா என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் மணல்மேட்டில் என்ன இறங்கியது என்று பார்க்கப் போன அப்பா வேறு ஆளாகத் திரும்பி வருகிறார், கழுத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு வடு, அது என்ன என்று கேட்ட பையனை ஓங்கி அறைகிறார். நேற்றுவரை அன்பாக இருந்த அப்பா. அப்புறம் அம்மாவும் அப்படியே ஆகிவிடுகிறாள். இந்தப் பயத்தை எந்த ஜிப்பாலும் கெடுக்க முடியாது.

இயக்குநர் வில்லியம் கேமரன் மென்சீஸ் அடிப்படையில் அரங்க வடிவமைப்பாளர், ‘கான் வித் த விண்ட்’ படத்தின் தோற்றத்தையே தீர்மானித்தவர். இந்தப் படத்தின் காவல் நிலையத்தை மறுபடியும் போட்டுப் பாருங்கள். நீண்ட வெற்று நடை, இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லாத உயரமான சுவர், கோடியில் பையன் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் ஒரு மேசை. அவ்வளவுதான். பெரியவர்களிடம் உதவி கேட்டுப் போகிற ஒரு குழந்தைக்கு உலகம் எப்படித் தெரியுமோ அப்படிக் கட்டியிருக்கிறார். விஎச்எஸ் தருவது சுமார் 240 வரி அளவுக்கான தெளிவுதான், அதிலும் டேப் தேய்ந்துபோனால் கேட்கவே வேண்டாம், அதனால் அந்தச் சுவரின் வெறுமை படம் மங்கியதால் வந்தது போலத்தான் தெரிந்தது. டிஸ்க்கில் பார்க்கும்போதுதான், அங்கே மங்கிப்போக எதுவுமே இல்லை, மனிதர் வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறார் என்பது புரிகிறது. இதற்காகவே நான் புதுப்பித்த பிரதியின் பக்கம் நிற்கிறேன்.

வண்ணமும் அப்படித்தான். ஈஸ்ட்மன்கலர் நெகட்டிவில் எடுத்து சூப்பர்சினிகலர் என்கிற வண்ண அச்சு முறையில் பிரின்ட் போட்ட படம் இது, அந்த முறையே சீக்கிரம் வழக்கொழிந்துவிட்டது. பல வருஷம் வெளிறிய பிரதிகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்காட் மக்வீன் 2022இல் செய்து முடித்த புதுப்பிப்பில் மேட்டின் மேல் வளைந்து போகிற வேலியும் இலையில்லாத மரங்களும் பின்னால் தீட்டிய வானமும் ஒரே ஓவியமாகச் சேர்ந்து நிற்கின்றன. அது நிஜ மேடு இல்லை, அரங்கில் கட்டியது என்பது நன்றாகவே தெரிகிறது. தெரியட்டுமே! மொத்தக் கதையும் பையன் கண்ட கனவு என்றுதானே படம் முடிகிறது, விழித்தெழுந்து ஜன்னலைப் பார்த்தால் செவ்வாய்வாசிகளின் பறக்கும் தட்டு மறுபடியும் இறங்குகிறது. கனவில் வருகிற மேடு அப்படித்தான் இருக்கும்.

பிரிட்டனில் வெளியிட்டபோது இந்தக் கனவையே வெட்டிவிட்டு வேறு முடிவு எடுத்து ஒட்டினார்கள், வானாய்வகத்தில் பறக்கும் தட்டுகள் பற்றி நீளமாகப் பேசும் காட்சி ஒன்றையும் சேர்த்தார்கள். அந்த வடிவத்தில் காவல் நிலையம் ஏன் அப்படிக் காலியாக இருக்கிறது என்பதற்குக் காரணமே இல்லாமல் போய்விடுகிறது. எனக்கு அது பெரிய நஷ்டமாகத்தான் படுகிறது. அந்தக் காட்சிகளும் டிஸ்க்கில் கூடுதல் பகுதியாக இருக்கின்றன, படத்தை முழுசாக இன்னொருமுறை பார்த்த பிறகு அவற்றைப் போடுங்கள், முதலில் வேண்டாம். டேப்பையும் தூக்கிப்போட வேண்டாம்.