மாறுவேட விருந்துக்கு ஜாம்பி மேக்கப் நானே போட்டுக்கொள்வது எப்படி?

எவ்வளவு ரத்தம் பூசினாலும் ஜாம்பி மாதிரி இல்லாமல் பைக்கிலிருந்து விழுந்த ஆள் மாதிரியே தெரிகிறது, எங்கே தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பே அந்த ரத்தம்தான். புது ரத்தம் ஓடினால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். ஜாம்பி செத்து நாளாகிவிட்ட கேஸ். முதலில் முகத்தைச் சாகடியுங்கள், காயமும் ரத்தமும் அப்புறம்.

நண்பர்களுக்கும் எனக்கும் நாலைந்து தடவை போட்ட அனுபவத்தில் சொல்கிறேன். பலரும் நேராகப் பச்சைப் பெயின்டை எடுத்து முகம் முழுக்க அப்பிவிடுவார்கள். அது கார்ட்டூன். ரத்த ஓட்டம் நின்றால் தோல் முதலில் வெளிறும். உடம்பின் தாழ்ந்த பக்கத்தில் ரத்தம் தேங்கி அங்கே ஊதா படரும். பச்சை அதற்குப் பிறகுதான், அதுவும் திட்டுத் திட்டாக. அதனால் உங்கள் நிறத்தைவிட இரண்டு ஷேடு வெளிறிய ஃபவுண்டேஷனில் துளி சாம்பல் நிற ஃபேஸ் பெயின்ட் கலந்து அடித்தளம் போடுங்கள். அப்புறம் ஸ்பாஞ்சை ஓரத்தில் பிய்த்து, அந்தக் கரடுமுரடான பக்கத்தால் ஊதா, பழுப்பு, கொஞ்சம் பச்சை என்று ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம், ஒற்றினால் போதும்.

பாதி வேலை கண்ணில்தான். கறுப்பைச் சுற்றிப் பூசினால் பாண்டா கரடிதான் கிடைக்கும். கண்ணாடி முன் நின்று கண்குழியின் எலும்பை விரலால் தடவிப் பாருங்கள். அந்த எலும்புக்கு உள்ளே அடர் பழுப்பும் ஊதாவும், இமையோரத்தில் மட்டும் மெல்லிய செம்பழுப்புக் கோடு. அந்தச் சிவப்பு வந்ததும் முகம் நோய்வாய்ப்பட்டதுபோல் ஆகிவிடும். கண்ணருகே பூசுவது கண்ணுக்கென்றே விற்பதாக இருக்கட்டும். கன்னக்குழி, நெற்றிப்பொட்டு இரண்டிலும் அதே பழுப்பு. உதட்டில் ஃபவுண்டேஷனைத் தடவி, காய்ந்ததும் சுளித்தால் தானாக வெடிப்பு விழும்.

இனி காயம். இதற்கு லிக்விட் லேடெக்ஸும் (காய்ந்தால் ரப்பர் தோல் மாதிரி ஆகிவிடும் திரவம்) டிஷ்யூ பேப்பரும் போதும். முந்தைய நாளே முழங்கையின் உட்பக்கம் ஒரு சொட்டு தடவி 24 மணி நேரம் பாருங்கள். லேடெக்ஸ் அலர்ஜி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அதைத் தொடவே கூடாது. டிஷ்யூவை ஒற்றைத் தாளாகப் பிரித்து, கத்தரிக்கோல் போடாமல் கையால் கிழியுங்கள். வெட்டிய ஓரம் கோடாகத் தெரியும், கிழித்த ஓரம் தோலோடு கலந்துவிடும். லேடெக்ஸ், தாள், மறுபடி லேடெக்ஸ் என்று மூன்று நான்கு அடுக்கு. ஒவ்வொன்றும் வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி ஆன பிறகுதான் அடுத்தது. முழுக்கக் காய்ந்ததும் நடுவில் ட்வீசரால் கிள்ளி, தோலிலிருந்து தூக்கிப் பிடித்துக் கிழித்தால் பிளந்த சதைபோல் விரிந்து நிற்கும். உள்ளே ஆழத்தில் கருஞ்சிவப்பு, விளிம்பில் சிவப்பு, சுற்றிலும் மஞ்சளும் ஊதாவும். இத்தனை நேரம் அம்மோனியா நாற்றம் மூக்கைத் துளைக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

முக்கியமான விஷயம்: புருவம், தாடி, முடியோரம் எங்கேயும் வாஸலின் தடவாமல் லேடெக்ஸைக் கொண்டுபோகாதீர்கள். முதல் தடவை நான் நெற்றியில் போட்ட காயம் இடது புருவத்தின் வால்பகுதி வரை வழிந்துவிட்டது. இரவு உரித்தபோது அந்த வாலும் கூடவே வந்துவிட்டது. முளைக்கும் வரை பென்சிலால் வரைந்துகொண்டு திரிந்தேன்.

ரத்தத்துக்குக் கார்ன் சிரப்பில் சிவப்பு ஃபுட் கலர், நீலம் ஒரே சொட்டு, அதோடு கோகோ பவுடர். கோகோதான் அதைப் பழைய ரத்தமாக்கும். (கறுப்பு வெள்ளைப் படங்களில் சாக்லேட் சிரப்பையே ரத்தமாக ஊற்றியதுண்டு.) வாயோரத்திலும் காயத்துக்குள்ளும் மட்டும் வையுங்கள். ஃபுட் கலர் தோலில் கறை பிடிக்கும், அடியில் லேசாக வாஸலின் இருந்தால் தப்பிக்கலாம்.

கலர் காண்டாக்ட் லென்ஸ் வேண்டுமானால் கண் மருத்துவரிடம் அளவு பார்த்து வாங்குங்கள். யாரோ போட்டுக் கழற்றியதை இரவல் வாங்கவே வாங்காதீர்கள். விருந்து மங்கலான வெளிச்சத்தில் என்றால் நிழல்களை இன்னும் ஒரு பிடி அழுத்தலாம். காது, கழுத்து, கை மூன்றையும் மறந்துவிட்டு முகம் மட்டும் செத்த ஜாம்பிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நகத்தடியில் கொஞ்சம் பழுப்பு ஐ ஷேடோ தேயுங்கள், மண்ணைத் தோண்டி எழுந்து வந்த மாதிரி இருக்கும்.

கலைக்கும்போது அவசரம் வேண்டாம். லேடெக்ஸ் ஓரத்தில் எண்ணெயை விட்டு, ஊறினதும் வெதுவெதுப்பான துணியால் மெதுவாகச் சுருட்டிச் சுருட்டி எடுங்கள். நான் குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் போட்டு அரைமணி நேரம் மல்லுக்கட்டியிருக்கிறேன், மறுநாள் கன்னம் மேக்கப் இல்லாமலே சிவந்திருந்தது.