மருத்துவ மென்பொருள்: அப்டேட் செய்தால் அடையாள எண்ணும் மாறுமா?

கேள்வி: ஈசிஜி பதிவை அலசும் மென்பொருளை ஐரோப்பாவில் விற்கிறோம். 3.1-லிருந்து 3.2-க்குப் போகிறோம். சில பிழைகளைத் திருத்தி, ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்திருக்கிறோம். ஒழுங்கற்ற துடிப்பைக் கண்டுபிடிக்கும் அல்காரிதத்தின் வரம்பையும் சற்று மாற்றியிருக்கிறோம். புள்ளிக்குப் பின்னால்தானே எண் மாறுகிறது, பழைய யூடிஐ (மருத்துவச் சாதனத்தின் தனித்த அடையாள எண்) போதாதா?

பதில்: போதாது. வரம்பு மாற்றம் ஒன்றுக்காகவே அந்த எண்ணின் முதல் பகுதியான டிஐ புதிதாக வேண்டும்.

யூடிஐ எண்ணில் டிஐ என்பது இது எந்தச் சாதனம் என்று சொல்லும் நிலையான பகுதி. பிஐ என்பது அதன் எந்த வெளியீடு என்று சொல்லும் பகுதி. மென்பொருளின் பதிப்பு எண் இங்கேதான் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017/745 ஒழுங்குமுறை, ஆறாம் இணைப்பு, சி பகுதி, 6.5-ஐப் பாருங்கள். செயல்திறனோ, பாதுகாப்போ, பயன்பாட்டு நோக்கமோ, தரவுக்குப் பொருள் கொள்ளும் விதமோ மாறினால் டிஐ மாற வேண்டும். புதிய அல்லது திருத்திய அல்காரிதம், தரவுத்தள அமைப்பு, இயங்குதளம், கட்டமைப்பு, புதிய பயனர் இடைமுகம், பிற கருவிகளோடு இணையும் புதிய வழி ஆகியவற்றை அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பிழைத் திருத்தம், பாதுகாப்புப் பேட்ச் (ஊடுருவலைத் தடுக்கும் திருத்தம்), வேகத்தைக் கூட்டும் மாற்றம் போன்றவற்றுக்குப் புதிய பிஐ மட்டும் போதும்.

பதிப்பு எண் உங்கள் வசதிக்கு நீங்கள் வைத்துக்கொண்டது. எத்தனை வரி நிரல் மாறியது என்பதும் கணக்கில்லை. சர்க்கரை அளவைக் காட்டும் திரையில் மில்லிகிராமுக்குப் பதில் மில்லிமோல் வரும்படி ஒரே வரியை மாற்றினாலும், 180 பார்த்துப் பழகிய மருத்துவர் 10 என்று காண்பார். பொருள் கொள்ளும் விதம் மாறிவிட்டது. பாதுகாப்புப் பேட்ச் என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் அது சிறு மாற்றமாகிவிடாது. தரவைப் பிறர் படிக்காதபடி மறைக்கும் புதிய குறியாக்கத்தால் எச்சரிக்கை ஒலி தாமதமானால் செயல்திறன் மாறியதாகத்தான் பொருள்.

எங்கள் யோசனை: வெளியீட்டை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். பிழைத் திருத்தத்தையும் பேட்ச்சையும் பழைய டிஐ, புதிய பிஐயோடு முதலில் அனுப்பிவிடுங்கள். ஓட்டையை அடைப்பது அல்காரிதத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு முடிவுக்கும் காரணத்தை வெளியீட்டுக்கு முன்பே எழுதி வையுங்கள். டிஐ மாறுவதும், மாற்றத்துக்குச் சான்றளிப்பு அமைப்பின் ஒப்புதல் தேவைப்படுவதும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்றொன்றுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: இணையத்தில் தரவிறக்கும் மென்பொருளுக்கு லேபிளே கிடையாது. எண்ணை எங்கே போடுவது?

பதில்: பயனர் எளிதில் போய்ச் சேரும் திரையில், சாதாரண எழுத்தில். தொடக்கத் திரையோ, 'பற்றி' என்ற பக்கமோ போதும். அமெரிக்க விதியும் இதையே ஏற்கிறது. ஐரோப்பாவில் திரையில் பார்கோடு வேண்டியதில்லை. ஆனால் அடைப்புக்குறிக்குள் வரும் எண்களை விட்டுவிடக் கூடாது. பார்கோடு எண்களுக்கான உலகத் தர அமைப்பான ஜிஎஸ்1-இன் முறையில் இப்படி இருக்கும்:

(01)09506000134352(10)3.1.4

01-க்குப் பின் வருவது டிஐ: 14 இலக்கம், கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. 10-க்குப் பின் வருவது பிஐ: அதிகபட்சம் 20 எழுத்துகள், இடைவெளி கூடாது. நிரலை இயங்கும் மென்பொருளாகத் தொகுக்கும்போது (பில்ட்) தானாக உருவாகும் நீண்ட பெயரை அப்படியே ஒட்டினால் இங்கேதான் இடிக்கும்.

அடிக்கடி நடக்கும் தவறு, எண்ணைத் திரையில் கையால் தட்டச்சு செய்து வைப்பது. மென்பொருள் 3.1.5 ஆனபின்னும் திரை 3.1.4 என்றே சொல்லும். திரும்பப் பெறும் அறிவிப்பு வரும் நாளில் மருத்துவமனை எதை நம்பும்? எண்ணை ஒரே கோப்பில் வைத்து, பில்ட் ஆகும்போதே திரைக்குப் போகச் செய்யுங்கள்; வெளியீட்டுப் பதிவோடு அதை ஒப்பிடும் சோதனை ஒன்றும் இருக்கட்டும். கணக்கீடு சர்வரில் நடக்கிறது என்றால் இன்னும் கவனம் தேவை. யூடிஐ முழு மென்பொருள் அமைப்புக்கும் உரியது. சர்வரில் அல்காரிதத்தை மாற்றிவிட்டு, கைப்பேசிச் செயலியில் பழைய எண்ணை விட்டுவைத்தால் அந்த எண் பொய்.

கேள்வி: எங்கள் மென்பொருளுக்குத் திரையே இல்லை, இரு கருவிகளுக்கு இடையே தரவைக் கடத்துகிறது.

பதில்: ஏபிஐ (மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழி) வழியே கேட்டால் தன் யூடிஐயை அனுப்பும் திறன் அதற்கு இருக்க வேண்டும்.

கேள்வி: மருந்து செலுத்தும் பம்ப்புக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்குத் தனி எண் உண்டா?

பதில்: இல்லை. தனியாக விற்பனைக்கு வரும் மென்பொருளுக்கும், தானே ஒரு சாதனமாக இருப்பதற்கும்தான் தனி யூடிஐ. பம்ப்பின் யூடிஐயே அதற்கும் பொருந்தும். ஆனால் எந்தத் தொடர் எண் கொண்ட பம்ப்பில் எந்த ஃபர்ம்வேர் ஓடுகிறது என்ற பட்டியலை அப்டேட் செய்யும் ஒவ்வொரு முறையும் திருத்துங்கள். பெட்டியின் மேல் ஒட்டிய லேபிள் அதைச் சொல்லாது.