தோல்பாவைக்கூத்தைப் படமெடுக்க எந்தக் கேமரா வாங்கலாம்?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொல்லங்கோட்டில் இருக்கிறேன். பக்கத்துப் பகவதி கோயிலில் நடக்கும் தோல்பாவைக்கூத்தைப் படமெடுக்கச் சட்டைப்பைக்கு அடங்குகிற ஒரு கேமரா வேண்டும். போனில் எடுத்தால் பாவைகள் கலங்கிப்போகின்றன. கோயம்புத்தூர்க் கடையில் 40 மடங்கு ஜூம் உள்ள புதுக் கேமராவைச் சொல்கிறார்கள். இங்கே ஒரு ஏஜென்ட், வெளிநாட்டுப் பீஸ், பில் இல்லாமல் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: இரண்டுமே வேண்டாம்.

கூத்து நடக்கும் மேடையான கூத்துமாடத்தில் திரைக்குப் பின்னால் வரிசையாக இருப்பவை 21 விளக்குகள். அந்த எண்ணெய் வெளிச்சம் தோலைக் கடந்து, துணியைக் கடந்து வெளியே வந்த பிறகு மிஞ்சுவதுதான் உங்களுக்குக் கிடைக்கிறது. போனின் நைட் மோடு பல படங்களை எடுத்து ஒன்றாக ஒட்டுகிறது. கம்பன் பாட்டுக்கு இராமனின் கை அசையும்போது அந்த ஒட்டு வேலை கலங்கிவிடும். ஆக, கேமராவிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒரு நொடியில் எவ்வளவு வெளிச்சம் உள்ளே போகும் என்பதைத்தான். எவ்வளவு தூரத்தை இழுத்துக் காட்டும், எத்தனை மெகாபிக்சல் என்பதெல்லாம் இந்த வேலைக்கு உதவாது.

கடைக்குப் போனதும் கேமராவைத் திருப்பி லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைப் படியுங்கள். 1:1.8-2.8 என்பது மாதிரி எழுதியிருக்கும். எண் சிறிதாக இருந்தால் வெளிச்சம் அதிகம். முதல் எண் ஜூம் செய்யாதபோது, இரண்டாவது முழுக்க ஜூம் செய்தபோது. 40 மடங்கு ஜூம் கேமராவில் 3.3-6.9 என்று இருக்கும். ஜூம் செய்யாத நிலையிலேயே 1.8 லென்ஸ் அதைவிட மூன்று மடங்குக்கு மேல் வெளிச்சம் வாங்கும். ஜூமை முழுக்க இழுத்தால் அந்தக் கேமரா தன்னிடம் இருந்த வெளிச்சத்திலும் கால் பங்கைக்கூடத் தக்கவைப்பதில்லை. கடைக்காரர் ஜூமைப் பற்றி மட்டும் பேசுவார், இந்த வளையத்தைக் காட்டவே மாட்டார். கூத்துக்கு ஜூம் எதற்கு? திரைக்கு முன்னால் போய் உட்காருங்கள்.

அடுத்தது சென்சார், அதாவது லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு. மலிவான ஜூம் கேமராக்களில் அது சுமார் 6 மில்லிமீட்டர் அகலம். 'ஒரு இஞ்ச்' என்று விற்கும் வகையில் 13.2 மில்லிமீட்டர் அகலம், 8.8 உயரம், பரப்பளவில் நான்கு மடங்கு. சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் மூன்றாவது, ஐந்தாவது மாடல்களும், கேனன் ஜி7எக்ஸ் மார்க் 2-உம் இந்தச் சென்சாரோடு 1.8-2.8 லென்ஸ் கொண்டவை. ஆர்எக்ஸ்100 என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஆறாவது, ஏழாவது மாடல்களில் ஜூமைக் கூட்டுவதற்காக லென்ஸை 2.8-4.5 ஆக்கிவிட்டார்கள். விலை அதிகம், இருட்டுக்கு மோசம்.

ஒரு விலக்கு உண்டு. அசையாத பொருளுக்கு இதெல்லாம் தேவையில்லை. கோயிலின் தீபஸ்தம்பம், விளக்கேற்றிய சுற்றுச்சுவர், ராத்திரியில் நெல்லியாம்பதி மலைச்சரிவு இவைதான் உங்கள் ஆசை என்றால், வீட்டில் கிடக்கும் பழைய சின்னக் கேமராவே போதும். ட்ரைபாடில் நிறுத்தி, வெளிச்சத்துக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ-வை 100-இல் வைத்து, இரண்டு நொடி டைமர் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஷட்டர் நான்கு நொடி, எட்டு நொடி திறந்திருந்தாலும் கவலையில்லை. காற்றில் சுடர் ஆடினால் சுடர் மட்டும் கொஞ்சம் தடிக்கும், கல் கல்லாகவே இருக்கும். ஆனால் அந்தப் படத்தில் ஆள் நடந்து வந்தால் புகைபோல் ஆகிவிடுவார். பாவையும் அப்படித்தான். அசைகிற பொருள் வந்த இடத்தில் இந்த விலக்கு முடிந்தது.

இனி ஏஜென்ட் விஷயம். எனக்கு வரும் புகார்களில் பாதி இந்த வகைதான். பில் இல்லாத பீஸுக்கு இந்தியாவில் வாரன்டி கிடையாது. ஜப்பான் சந்தைக்கென்று வந்த சோனியில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும், மாற்ற முடியாது. "பார்டர் தாண்டுகிறது, பில் போட்டால் வரி கூடும்" என்று ஏஜென்ட் சொன்னால் அது பச்சைப் பொய். கேமராவுக்கு ஜிஎஸ்டி 2019 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். கேரள, தமிழக எல்லையான வாளையாறுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதேதான். முறையாக இறக்குமதியான பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லையென்றால் பெட்டியைத் திறக்கக்கூட வேண்டாம். பில்லில் சீரியல் எண் எழுதி வாங்குங்கள். சார்ஜரைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டுத் தனியாக விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பில் இருந்தும் அலையவிடுகிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். கடை சர்வீஸ் சென்டரைக் காட்டும், சர்வீஸ் சென்டர் கடையைக் காட்டும். கோவையில் வாங்கினாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் பாலக்காடு மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கோவைக்கு ஓட வேண்டாம். சோதனைக்கூட அறிக்கை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் வாய்தா மேல் வாய்தா வாங்கி ஆளைக் களைக்கவைக்கிறார்கள். நேரத்தோடு தீர்ப்புச் சொல்ல முடியாதென்றால் கெடு எழுதியது யாருக்காக? முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல கடைகள் அதற்கே இறங்கி வரும்.

இந்த மாடல்களைப் புதிதாக வாங்கக் கை கடிக்கும் என்றால், முதல் பில்லோடு இருக்கும் பழையதைப் பாருங்கள். வாங்குமுன் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, அதன் மிகப் பெரிய எண்ணுக்குக் கொண்டுபோய், வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. இந்தக் கேமராக்களில் லென்ஸைக் கழற்ற முடியாததால் அதை வீட்டில் துடைக்க வழியில்லை. அப்புறம் பத்துத் தடவை ஆன் செய்து ஆஃப் செய்து, லென்ஸ் திக்காமல் வெளியே வருகிறதா பாருங்கள்.

கூத்தன்று ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். அது துணியை முன்பக்கமிருந்து வெளுக்கச் செய்து நிழலையே அழித்துவிடும். லென்ஸை 1.8-இல் வைத்து, ஷட்டர் 1/60 நொடி, ஐஎஸ்ஓ 1600 என்று தொடங்குங்கள். போர்க்காட்சி வந்தால் ஷட்டரை 1/125 ஆக்கி ஐஎஸ்ஓ-வை 3200-க்கு ஏற்றுங்கள். படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸில் பல்பு படம் போட்டதைத் தேர்ந்தெடுத்தால் விளக்கின் மஞ்சள் அளவாக நிற்கும்.