62 சதவீதம் போதாது

அன்புள்ள ஐயா,

சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் வசிக்கிறேன். போன மாதம் என் மகளின் மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்கு வேலைநீக்க நோட்டீஸ் வந்துவிட்டது. ஆசிரியர் சம்பளத்துக்காகக் கொண்டுவந்த பார்சல் டாக்ஸ் (வீட்டின் மதிப்பைப் பார்க்காமல் ஒவ்வொரு மனைக்கும் போடும் கூடுதல் வரி), 62 சதவீத வாக்கு வாங்கியும் தோற்றதாம். அதே பள்ளியில் புது அறிவியல் கூடம் எழும்புகிறது. வீட்டு வரி நானே ஏகப்பட்டது கட்டுகிறேன். என்ன கணக்கு இது? கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் எனக்கு ஓட்டும் கிடையாது.

சுரேஷ்

அன்புள்ள சுரேஷ்,

கணக்கு 1978 ஜூனில் போட்டது. கலிஃபோர்னியா வாக்காளர்கள் ‘ப்ராப் 13’ என்ற வரிச் சட்டத்தை நேரடியாக ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய மாதம். அடிப்படை வீட்டு வரி, மதிப்பில் 1 சதவீதம்தான். வீடு கைமாறும்வரை அந்த மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. எப்போதோ வீடு வாங்கிய பக்கத்து வீட்டுப் பாட்டியைவிட நீங்கள் பல மடங்கு கட்டுவது அதனால்தான். சரி, அந்தப் பணம் உங்கள் பள்ளிக்கு வருமா என்றால், பெரும்பாலான பள்ளி மாவட்டங்களில் உள்ளூர் வரி கூடினால் மாநிலம் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். தினமும் எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்பதே முக்கியக் கணக்கு. வீட்டு விலை தாங்காமல் இளம் குடும்பங்கள் ஊரைவிட்டுப் போனால் பள்ளிக்கு வரும் பணமும் குறையும்.

பள்ளி வாரியம் கொண்டுவரும் பார்சல் டாக்ஸுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்பதும் ப்ராப் 13 வைத்த விதிதான். பள்ளிக் கட்டடம் கட்டக் கடன் திரட்டும் கடன்பத்திரத்துக்கு மட்டும் 2000-இல் ‘ப்ராப் 39’ அதை 55 சதவீதமாக இறக்கியது. ஆனால் அந்தப் பணத்திலிருந்து ஆசிரியர் சம்பளம் தரக் கூடாது. உங்கள் ஊரில் அறிவியல் கூடம் தேறிவிட்டது, டீச்சர் தேறவில்லை.

நம் ஊரில் தேர்தல் என்றால் டீச்சர் வாக்குச்சாவடியில் உட்கார்ந்து பட்டியலில் பெயர் தேடுவார். இங்கே அவர் வேலையே வாக்குச்சீட்டில் இருக்கிறது, அதுவும் எங்கோ அடியில். அதிபர், செனட்டர், நீதிபதிகள் எல்லாம் தாண்டிப் பின்பக்கம் ‘மெஷர்’ (ஊர்த் தீர்மானம்) என்று ஒற்றை எழுத்தோடு நிற்கும். நானே ஒருமுறை பின்பக்கத்தைப் பார்க்காமல் தபால் ஓட்டு உறையை ஒட்டிவிட்டேன்.

நோட்டீஸைக் கண்டு இப்போதே மனம் உடைய வேண்டாம். மார்ச் 15-க்குள் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இருப்பதால், வாரியங்கள் பயந்துகொண்டு தேவைக்கு அதிகமான பேருக்கே நோட்டீஸை நீட்டிவிடும். இறுதி முடிவுக்கு மே 15 வரை நேரமுண்டு. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போவார் என்பது பொது விதி. உங்கள் மகளின் டீச்சர் வேலைக்குப் புதியவர் என்றால் கொஞ்சம் கவலைதான்.

ஓட்டு விஷயம். குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி வாரியத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று 2016-இல் சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் முடிவெடுத்தது. மற்ற ஊர்களில் பெரும்பாலும் அந்த வசதி இல்லை. ஆனால் வாரியக் கூட்டத்தில் யாரும் பேசலாம், கிரீன் கார்டு கேட்க மாட்டார்கள். சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்தால் இரண்டு மூன்று நிமிடம் தருவார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். சாப்பிட வைத்தே கூட்டிப் போங்கள், உங்கள் பெயரைக் கூப்பிட ராத்திரி ஒன்பது ஆனாலும் ஆகும்.