அம்மா அனுப்பும் முறுக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். தண்டையார்பேட்டையிலிருந்து லண்டன் ஈஸ்ட்ஹாமுக்கு வந்து ஒன்றரை மாதம் ஆகிறது, ஆறு வயது மகனுக்கு வேர்க்கடலையும் எள்ளும் அலர்ஜி என்று இப்போதுதான் தெரிந்தது என்கிறீர்கள். பள்ளிக்கு என்ன நொறுக்குத்தீனி கொடுத்து அனுப்பலாம், ஊரிலிருந்து அம்மா அனுப்பும் முறுக்கு மிக்சரைக் கொடுக்கலாமா, குளிர்கோட்டு எங்கே மலிவு, வீடு மாறலாமா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். கோட்டையும் வீட்டையும் பற்றி அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முறுக்குக்கு நான் பதில் சொல்கிறேன்.

நான் ராயபுரம், கல்மண்டபம் பக்கம். 2004இல் லண்டன் போனேன். இப்போது விடுமுறைக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன், இங்கிருந்துதான் எழுதுகிறேன்.

2006 தீபாவளிக்கு ஒரு தமிழ்க் குடும்பத்து வீட்டுக்குப் போயிருந்தோம். என் மகளுக்கு அப்போது நாலு வயது. ஒரே தட்டில் முறுக்கும் கடலை உருண்டையும் வைத்திருந்தார்கள். பாதி முறுக்குதான் தின்றாள். உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடிப்பு, உடனே வாந்தி. ஒருவர் உஷ்ணம் என்றார். இன்னொருவர் சோடா கொடுக்கச் சொன்னார். ஒரு பெரியம்மா கண்பட்டிருக்கிறது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். இப்படியே இருபது நிமிடம் போனது. குழந்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். வந்தவர் என்னிடம் முதலில் கேட்டது, நட்ஸ் ஏதாவது சாப்பிட்டாளா என்று. இல்லவே இல்லை என்றேன். எனக்கு நட்ஸ் என்றால் முந்திரி, பாதாம், பிஸ்தா. வேர்க்கடலை வேர்க்கடலைதான், அதை யார் நட்ஸ் என்று நினைத்தது? அவள் பிழைத்தாள். நான் சொன்ன அந்த பதிலை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

அதனால் முதலில் கடலை என்ற சொல்லை வீட்டில் எல்லோரும் பிரித்துச் சொல்லப் பழகுங்கள். கடலைப்பருப்பு, கடலை மாவு, கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை, இவை எதுவும் வேர்க்கடலை இல்லை. ஆனால் கடலை எண்ணெய், கடலை மிட்டாய், கடலை உருண்டை எல்லாம் வேர்க்கடலைதான். போனில் அம்மா "கடலை போட்டுச் செய்தேன்" என்றால் எந்தக் கடலை என்று கேட்காமல் விடாதீர்கள். எள்ளுக்கும் இதே கதைதான். நல்லெண்ணெய் பாட்டிலில் ஜிஞ்சிலி என்றிருக்கும், வடநாட்டுப் பாக்கெட்டில் தில் என்றிருக்கும், அங்கே கடையில் செசமி, தஹினி. பிள்ளைகளுக்கு நல்லது என்று எல்லோரும் நீட்டும் ஹம்மஸில், அதாவது கொண்டைக்கடலையை அரைத்துச் செய்யும் துவையலில், தஹினி உண்டு. ஹல்வா என்று பாக்கெட்டில் பார்த்து நம் அல்வா என்று வாங்கிவிடாதீர்கள், அந்த ஊர்க் கடைகளில் பெரும்பாலும் அது எள்ளை அரைத்துச் செய்தது.

லண்டன் கடைகளைப் பற்றி எனக்கு அவ்வளவு பயம் இல்லை. அங்கே பாக்கெட்டில் வரும் உணவில் 14 அலர்ஜிப் பொருட்கள் இருந்தால் சேர்மானப் பட்டியலில் எடுப்பாகத் தெரியும்படி அச்சடிக்க வேண்டும். வேர்க்கடலை, எள் இரண்டும் அதில் உண்டு. வேர்க்கடலைக்கு உறவான லூபின் என்ற பயறும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, அதையும் தவிர்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். 2016இல் நடாஷா என்ற 15 வயதுப் பெண், ரொட்டி மாவில் எள் இருப்பது தெரியாமல் சாப்பிட்டு இறந்துபோனாள். அவள் பெற்றோர் விடாமல் போராடியதால், கடையிலேயே செய்து பொட்டலம் கட்டி வைக்கும் உணவுக்கும் 2021 அக்டோபரிலிருந்து முழுச் சேர்மானமும் எழுத வேண்டும் என்று சட்டம் வந்தது. "மே கன்டெயின்", அதாவது இதில் அந்தப் பொருள் கலந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை மட்டும் நிறுவனம் விரும்பினால் போடுவது. அது இல்லை என்பதால் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. போன மாதம் வாங்கிய அதே பிஸ்கட்டாக இருந்தாலும் மறுபடி படியுங்கள், சேர்மானத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். லண்டன் போன புதிதில் எனக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். இந்தப் பட்டியல்களைப் படித்துப் படித்தே கற்றுக்கொண்டேன், அதில் எனக்குப் பெருமைதான்.

பயம் எல்லாம் நம்மவர் வீடுகளிலும் நம்மவர் கடைகளிலும்தான். சாக்கில் கொட்டி வைத்த பொரி, பொட்டுக்கடலை வேண்டாம். வேர்க்கடலையை அள்ளிய கரண்டியே அதிலும் விழும். பஜ்ஜி, போண்டா பொரிக்கும் எண்ணெயில் முன்னால் எது வெந்தது என்று யாருக்கும் தெரியாது, கொதிக்கிற எண்ணெயில் அலர்ஜி செத்துப்போகாது. விழாக்களில் பத்து வீட்டுப் பலகாரம் ஒரே மேசையில் இருக்கும், எதில் என்ன என்று ஒரு சீட்டுக்கூட இருக்காது. கேட்டால் "வெள்ளைக்காரன் நோயெல்லாம் உங்களுக்கும் வந்துவிட்டதா" என்பார்கள். இருபது முப்பது வருடம் அங்கே இருப்பவர்கள்தான் இதைச் சொல்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. "கொஞ்சம் கொடுத்துப் பழக்கு, சரியாகிவிடும்" என்பவர் வீட்டுக்கு மகனை அனுப்பாதீர்கள். மருத்துவமனையில் அளந்து அளந்து, கண்காணிப்பில் கொடுக்கும் சிகிச்சை உண்டு. அதைச் சமையலறையில் யாரும் செய்து பார்க்கக் கூடாது. உறவு கெட்டால் கெடட்டும், எனக்கும் இரண்டு குடும்பம் பேச்சுவார்த்தை இல்லை.

நேற்று வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் உங்களுக்காகவே சில முறுக்குப் பாக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இந்தியாவில் அலர்ஜி என்று தனியாக அறிவிக்க வேண்டிய பொருட்களில் வேர்க்கடலை இருக்கிறது, எள் இல்லை. அதனால் அந்த ஒரு வரியோடு நிறுத்தாமல் முழுச் சேர்மானத்தையும் படிக்க வேண்டும். கடையில் நிறுத்துக் கட்டிக் கொடுப்பதில் படிப்பதற்கே ஒன்றும் இல்லை. ஆகவே கடை மிக்சர் கண்டிப்பாக வேண்டாம். முறுக்கு, அம்மா வீட்டிலேயே செய்தால் மட்டும்.

பள்ளிக்கு எளிதாகவே யோசியுங்கள். ஆப்பிள், வாழைப்பழம், வெள்ளரி, அவித்த சோளம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, நெய் தடவிய குட்டி இட்லி. பொடி தடவாதீர்கள், இட்லிப் பொடியில் எள் இருக்கும். அந்தந்த டப்பாவில் அவன் பெயரை எழுதி, மற்ற பிள்ளைகளோடு பகிர்ந்து தின்னக் கூடாது என்று அவனுக்கே சொல்லிப் பழக்குங்கள். ஆறு வயதில் நன்றாகப் புரியும், என் மகள் ஐந்து வயதிலேயே "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுத்தான் கை நீட்டுவாள்.

டாக்டர் அட்ரினலின் பேனா, அதாவது கடும் அலர்ஜி வந்தால் நாமே போடும் பேனா மாதிரியான ஊசி, கொடுத்திருந்தால் எப்போதும் இரண்டு அவன் கூடவே போக வேண்டும், காலாவதித் தேதியைப் பாருங்கள். மூச்சுத் திணறலோ, குரல் கம்மலோ, துவண்டு போவதோ தெரிந்தால் வெளித்தொடையில் உடனே போடுங்கள். அலர்ஜி மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். படுக்க வையுங்கள், மூச்சு விடக் கஷ்டப்பட்டால் உட்கார வைக்கலாம், எழுந்து நடக்க விடாதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 999இல் அடித்து அனாஃபிலாக்சிஸ் என்ற சொல்லைச் சொல்லுங்கள், உயிருக்கே ஆபத்தான அலர்ஜிக்கு அதுதான் பெயர். ஐந்து நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இரண்டாவது பேனா.

என் அப்பா துறைமுகத்தில் வேலை செய்தார். சாயங்காலம் வரும்போது சட்டைப் பையில் மணலில் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் சூடாக இருக்கும். எங்கள் மூன்று பேருக்கும் அதுதான் அப்பா வந்துவிட்டார் என்பதற்கு அடையாளம். மகளுக்கு அலர்ஜி என்று போனில் சொன்னபோது நம்பாமல், "கடலை தின்னாத பிள்ளையா?" என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். 2011இல் நாங்கள் ஊருக்கு வந்தபோது வீட்டில் ஒரு வேர்க்கடலை இல்லை. கடலை எண்ணெயைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டார். தினமும் காலையில் போய் நுங்கும் இளநீரும் வாங்கி வந்து, பேத்தி முன்னால் தரையில் உட்கார்ந்து நுங்கைத் தோண்டித் தோண்டிக் கொடுத்தார். கடைசி வரை அவரும் கடலையைத் தொடவில்லை.

சரி, உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். பச்சரிசி மாவை மில்லில் அரைக்க வேண்டாம், முன்னால் யார் எதை அரைத்தார்களோ தெரியாது. வீட்டு மிக்சியையும் முறுக்கு அச்சையும் நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். எள்ளுக்குப் பதில் சீரகம், புதிதாகப் பிரித்த சூரியகாந்தி எண்ணெய், தனி வாணலி. பொட்டுக்கடலை மாவு சேர்க்கலாமா என்று மகனின் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலான வேர்க்கடலை அலர்ஜிப் பிள்ளைகளுக்கு அது ஒத்துப்போகும் என்றாலும். இதையெல்லாம் போனில் சொன்னால் அம்மா வருத்தப்படுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அடுத்த வாரம் வரை ராயபுரத்தில்தான் இருக்கிறேன், தண்டையார்பேட்டை எவ்வளவு தூரம்? அம்மாவிடம் கேட்டுவிட்டு எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் அவர் கூடவே உட்கார்ந்து முதல் ஈடு பிழிந்து கொடுத்துவிட்டு வருகிறேன்.