கடற்கரைச் சுற்றுலாவில் பணம் மாற்றினால் ஏன் குறைவாகக் கிடைக்கிறது?

இணையத்தில் பார்த்த மாற்று விகிதம் (ஒரு நாட்டுப் பணத்துக்கு இன்னொரு நாட்டுப் பணம் எவ்வளவு என்பது) ஒன்று, பணம் மாற்றும் கடையில் கைக்கு வருவது வேறு. இணையம் காட்டுவது பெரும்பாலும் நடு விகிதம். அதாவது பெரிய வங்கிகள் தங்களுக்குள் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருப்பது. பணம் மாற்றும் கடை அதைவிடக் குறைவாக வாங்கி, கூடுதலாக விற்கிறது. பழைய போன் கடையும் இப்படித்தான்: வாங்கிய விலைக்கே விற்றால் வாடகை எப்படிக் கொடுப்பார்கள்? விமான நிலையத்திலும் விடுதியிலும் இந்த இடைவெளி பெரும்பாலும் அதிகம். அங்கே நமக்கு வேறு வழி இல்லையே!

அதனால் இறங்கியதும் டாக்சிக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டியதை மட்டும் மாற்றுங்கள். மீதிக்கு ஊருக்குள் இரண்டு மூன்று கடைகளில் விசாரியுங்கள். "100 கொடுத்தால் கையில் எவ்வளவு வரும்?" என்று கேட்பதுதான் சரி. கவுண்டரை விட்டு நகரும் முன் எண்ணிவிடுங்கள்.

அப்புறம், கடலுக்குப் போகும்போது அன்றைய செலவுக்கான சிறிய நோட்டுகள் மட்டும் போதும், அதுவும் நீர் புகாத பையில். மாற்றாமல் வைத்திருக்கும் வெளிநாட்டு நோட்டுகளை அறையிலேயே மடிக்காமல் பூட்டி வையுங்கள். நனைந்து கசங்கியவற்றைப் பல கடைகள் வாங்குவதில்லை.

'கமிஷன் இல்லை' என்ற பலகையைப் பார்த்து, செலவே இல்லை என்று நினைக்க வேண்டாம். கடையின் லாபம் அந்த விகிதத்துக்குள்ளேயே இருக்கிறது.