எபிதீலியம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் வெளியான திசுக்கள் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுப் பலர் எழுதியிருந்தார்கள். எபிதீலியத் திசுவைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகள் பதினோராம் வகுப்பில் உயிரியல் படிக்கிறாள். எபிதீலியத் திசுவின் வகைகளை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தும், தேர்வில் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதிவிடுகிறாள். மனத்தில் நிற்க என்ன வழி? – ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அட்டவணையை மூடி வைத்துவிட்டு, உடலின் ஒவ்வோர் இடமும் எதைத் தாங்க வேண்டியிருக்கிறது, எதை உள்ளே விட வேண்டியிருக்கிறது என்று யோசிக்கச் சொல்லுங்கள். வகையின் பெயர் அதன் பின்னால் தானாக வரும். உடலின் வெளிப்பரப்பையும் உள்ளுறுப்புகளின் உட்சுவரையும் போர்த்தியிருக்கும் செல்களின் விரிப்புதான் எபிதீலியம். அதன் செல்கள் இடைவெளியின்றி நெருங்கி, அடித்தளச் சவ்வு என்னும் மெல்லிய படலத்தின் மேல் அமர்ந்திருக்கும்.

நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் ஆக்சிஜன் நொடிப்பொழுதில் இரத்தத்துக்குள் போயாக வேண்டும். அதனால் அங்கே இருப்பது ஒற்றை அடுக்குத் தட்டை எபிதீலியம். அதையும் அதை ஒட்டிய இரத்த நுண்குழாயின் சுவரையும் சேர்த்தாலும், மெல்லிய இடங்களில் தடிமன் ஒரு மைக்ரோமீட்டரைக்கூட எட்டாது. உள்ளங்காலின் நிலைமை இதற்கு நேர் எதிர். நாள் முழுவதும் தரையில் உராயும் அந்த இடத்தில் செல்கள் பல அடுக்குகளாக அடுக்கப்பட்டு, மேலடுக்குகள் கெரட்டின் என்னும் புரதம் நிறைந்து இறுகிப் போயிருக்கின்றன. வாயும் உணவுக்குழாயும் உராய்வைத் தாங்குபவைதான். ஆனால் அவை ஈரமாகவே இருப்பதால், பல அடுக்குகள் இருந்தும் அந்தக் கெரட்டின் கவசம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. எஞ்சியதை மீட்டெடுக்கும் பணியில் பெரும்பகுதியைச் செய்வது சிறுநீரக நுண்குழல்களின் கனசதுர எபிதீலியம். சிறுகுடலில் இருப்பது தூண் எபிதீலியம். அதன் உச்சியில் உள்ள நுண்விரல்கள் உணவை உறிஞ்சும் பரப்பைப் பன்மடங்கு பெருக்குகின்றன. மூச்சுக்குழலில் கோப்பை வடிவச் செல்கள் சளியைச் சுரக்க, அதில் ஒட்டிய தூசியைக் குறு இழைகள் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. சிறுநீர்ப்பையோ நிரம்பும்போது விரிந்தும் காலியானதும் சுருங்கியும் ஆக வேண்டியது. அங்குள்ள மாறுநிலை எபிதீலியத்தின் மேற்செல்கள், பை விரியும்போது தட்டையாகி இடம் கொடுக்கின்றன. வியர்வைச் சுரப்பியும் உமிழ்நீர்ச் சுரப்பியும் இதே விரிப்பு உள்நோக்கி மடிந்து உருவானவையே.

பள்ளி ஆய்வகத்தில் வாய்ப்புக் கிடைத்தால், கன்னத்தின் உட்புறத்தைச் சுத்தமான பல்குச்சியால் மெதுவாக வருடி, கண்ணாடித் தகட்டில் தடவி, மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டு உங்கள் மகள் நுண்ணோக்கியில் பார்க்கட்டும். ஓரம் மடிந்த, ஒழுங்கற்ற தட்டைச் செல்களும், ஒவ்வொன்றின் நடுவிலும் கருநீலப் புள்ளியாக உட்கருவும் தெரியும். தன் உடலின் செல்லைத் தானே பார்த்த பிள்ளை அதன் பெயரை மாற்றி எழுதுவது அரிது.

கேள்வி: எங்கள் பாடநூல்களில் மேலணி இழையம் என்று படித்தோம். அதுவும் எபிதீலியமும் ஒன்றா? – ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஒன்றேதான். தமிழகத்தில் திசு என்பதை இலங்கையில் இழையம் என்கிறோம். மேற்பரப்பில் அணியப்பட்டது என்ற பொருள் தரும் மேலணி என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்தமானது.

கேள்வி: பித்தவெடிப்புக்காகக் குதிகாலைக் கல்லில் தேய்க்கும்போது தோல் தூள் தூளாக உதிர்கிறது, வலியும் இல்லை, இரத்தமும் இல்லை. காய் நறுக்கும்போது விரலில் கத்தி லேசாகப் பட்டாலே இரத்தம் வருகிறதே, ஏன்? – ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: எபிதீலியத்துக்குள் இரத்தக் குழாய்களே கிடையாது. அடித்தளச் சவ்வுக்குக் கீழே உள்ள இணைப்புத் திசுவின் குழாய்களிலிருந்து கசிந்து வரும் ஊட்டத்தை நம்பியே அது வாழ்கிறது. குதிகாலில் நீங்கள் தேய்ப்பது தடித்த மேல்தோலின் இறந்த அடுக்கு. கத்தியோ எபிதீலியத்தைக் கடந்து கீழே உள்ள குழாயை எட்டிவிடுகிறது. உதிர்ந்ததை ஈடுகட்ட அடியடுக்கில் செல்கள் பிரிந்துகொண்டே இருப்பதால், மேல்தோல் ஏறக்குறைய 4 வாரங்களில் புதிதாகிவிடுகிறது. குடலின் எபிதீலியம் 3 முதல் 5 நாட்களுக்குள் புதுப்பிக்கப்படுகிறது. நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் குதிகாலை பிளேடால் செதுக்கவே கூடாது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால், காயம் ஆழமானது தெரியாமலே போய்விடும்.

கேள்வி: வயிற்றுப்போக்கில் உப்பு வெளியேறுகிறது, அதனால் உப்பு கொடுக்கிறோம், சரி. ஓ.ஆர்.எஸ். கரைசலில் சர்க்கரை எதற்கு? தெம்புக்காகவா? – ஒரு வாசகர், இராமநாதபுரம்

பதில்: தெம்புக்காக அல்ல. உப்பு குடலின் செல்களுக்குள் நுழைவதற்கான துணையே சர்க்கரைதான். சிறுகுடலின் தூண் செல்களின் உச்சியில் உள்ள ஒரு புரதம், குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே இழுக்கிறது. அவற்றைத் தொடர்ந்து தண்ணீரும் போகிறது. இந்தக் கூட்டுக் கடத்தலை ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் 1960இல் முன்வைத்தார். காலரா நச்சு அந்தச் செல்களை உப்பையும் நீரையும் வெளியே கொட்ட வைத்தாலும், செல்களைச் சிதைப்பதில்லை, இந்த வழியை அடைப்பதும் இல்லை. ஓ.ஆர்.எஸ். வேலை செய்வதற்கு இதுவே காரணம்.

1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பு வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி, உறவினர்களே நோயாளிகளுக்குப் புகட்டும்படி செய்தார். 30 விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் ஒரு செல் அடுக்கின் இயல்பை அறிந்ததால் இத்தனை உயிர்கள் பிழைத்தன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

பொட்டலம் கிடைக்காத இரவில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் கலந்து கொடுக்கலாம். அளவைக் கூட்டக் கூடாது. சர்க்கரை மிகுந்தால் அது தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கை அதிகமாக்கிவிடும். உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் இதே வழியில்தான் உதவுகிறது, ஏனெனில் கஞ்சியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைகிறது.

கேள்வி: பல ஆண்டுகளாக நெஞ்செரிச்சல். எண்டோஸ்கோப்பி செய்து சதைத் துணுக்கைப் பரிசோதித்ததில், குடலில் இருக்க வேண்டிய செல்கள் உணவுக்குழாயில் இருப்பதாகச் சொன்னார்கள். இது புற்றுநோயா? புகைப்பழக்கமும் உண்டு. – ஒரு வாசகர், சேலம்

பதில்: புற்றுநோய் அல்ல, பதற வேண்டாம். இரைப்பையின் அமிலம் மேலேறி வந்து சுட்டுக்கொண்டே இருந்தால், உணவுக்குழாயின் தட்டைச் செல்கள் இருந்த இடத்தில் அமிலத்தைத் தாங்கும் தூண் செல்கள் வளரத் தொடங்கிவிடும். இதற்கு பேரட் உணவுக்குழாய் என்று பெயர். இந்த நிலை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதே இல்லை. ஆயினும் மற்றவர்களைவிட ஆபத்து கூடுதல் என்பதால், மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் எண்டோஸ்கோப்பியைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும். புகையும் இதே போன்ற மாற்றத்தை மூச்சுப்பாதையில் உண்டாக்குகிறது. அங்கே குறு இழை கொண்ட செல்கள் போய்த் தட்டைச் செல்கள் வந்துவிடுவதால், சளியை வெளியே தள்ள ஆளில்லாமல் இருமல் ஒன்றே கதியாகிறது. புகையை இன்றே விடுங்கள். விழுங்கும்போது உணவு அடைத்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.